ரக்ஷிதாவின் பதினான்கு வார்த்தைகள்

ஜூன் 12

பள்ளி திறந்த முதல் நாளே ரக்ஷிதாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பத்தரைக்கு போன் வந்தது. லேபில் ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன், பாதியில் விட முடியுமா? முடித்து, பஞ்சு வைத்து ஒட்டிவிட்டுத்தான் ஓடினேன். ஹெட்மிஸ்ட்ரஸ் தெலுங்கில் மிக மரியாதையாகச் சொன்னார்: "வகுப்பில் நாற்பது பிள்ளைகள். உங்கள் பாப்பாவுக்கென்று தனியாக ஆள் வைக்க முடியாது. ஆட்டிசம் பிள்ளைகளுக்கான பள்ளியாகப் பாருங்கள்."

போன வருடம் சேர்த்துக்கொண்டபோது இது தெரியாதா? கேட்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் கேட்க வேண்டியதெல்லாம் ஞாபகம் வந்தது, வழக்கம்போல.

வீட்டுக்கு வந்தும் ரக்ஷிதா ஷூவைக் கழற்ற விடவில்லை.

ஜூன் 15

என் வீட்டுக்காரர் செங்கல்வராயன் வந்திருக்கிறார். ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை, வாரத்துக்கு ஒரு நாள்தான் வீடு. "சித்தூர்ல இன்னா கீது? திருப்பதியில பாரு" என்றார். பார்க்கப்போவது யார்? நான்தான். சரி.

பள்ளிகளில் கேட்பார்கள் என்று ரக்ஷிதாவின் வார்த்தைகளைக் காலண்டருக்குப் பின்னால் எழுதினேன். ஆறு வயதில் பதினான்கு. தண்ணி, வேணா, தோசை, நைனா, மழை, போ... அப்பாவுக்கு நைனா இருக்கிறது, அம்மா அதில் இல்லை. பரவாயில்லை, தோசை இருக்கிறது. அதைச் சுடுகிறவள் நான்தானே.

ஜூன் 21

திருப்பதியில் முதல் பள்ளி. ஏ.சி., மீன்தொட்டி, சுவர் முழுக்கப் பட்டாம்பூச்சி. "ஆறே மாதத்தில் பேச வைத்துவிடுவோம், கேரன்டி" என்றார் டை கட்டியவர். உள்ளே எட்டுப் பிள்ளைகள், எட்டுப் பேரும் நாற்காலியில், நாற்காலியோடு சேர்த்து இடுப்பில் பெல்ட். எதற்கு என்று கேட்டேன். டிசிப்ளினாம்.

ஊசி போடும்போது அழுகிற பிள்ளையைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறவள்தான் நானும். ஆனால் அது அரை நிமிடம். ரக்ஷிதாவுக்கு மீன்தொட்டியை விட்டு வர மனமே இல்லை. எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

ஜூன் 24

இரண்டாவது பள்ளி போனிலேயே முடிந்தது. "டாய்லெட் வந்தால் சொல்லுவாளா?" சில நாள் சொல்வாள் என்றேன். வைத்துவிட்டார்கள்.

ஜூலை 5

ரேணிகுண்டா சாலையில் ஒரு பழைய வீடு. அதுதான் பள்ளி. ஒரு பையன் மேசைக்கு அடியில் படுத்திருந்தான். பக்கத்திலேயே தரையில் ஒரு டீச்சரும் படுத்திருந்தார். அவர்தான் ரூபா மேடம். "இன்றைக்கு இவன் இங்கேதான் இருப்பானாம்" என்று படுத்தபடியே தெலுங்கில் சொன்னார். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. இங்கே கிடைக்க வேண்டும். வேறெங்கும் வேண்டாம்.

ஒரே ஒரு இடம் இருக்கிறது. ஏழு பேர் கேட்கிறார்கள். ஆகஸ்ட் 2 அன்று பாப்பாவைப் பார்த்துவிட்டுச் சொல்வார்களாம்.

வாசலில் வெதுருகுப்பத்திலிருந்து வந்த பவ்யா என்ற பெண்ணோடு பேச்சு. அவளும் எங்களைப்போல் தமிழ். இடம் கேட்டு வந்தவள்தான். "தெலுங்குல பேசலைன்னா எடுக்க மாட்டாங்கக்கா. டீச்சருங்களுக்குத் தமிழ் வராது. அவங்கதான் இன்னா பண்ணுவாங்க?" என்றாள்.

ஜூலை 6

முடிவு செய்துவிட்டோம். இன்றிலிருந்து வீட்டில் தெலுங்கு மட்டும். எங்களுக்கு என்ன கஷ்டம்? இரண்டு பேரும் தெலுங்கு மீடியம். கடை, ஆபீஸ், பஸ் எல்லாம் தெலுங்கில்தான் நடக்கிறது. சண்டைக்கு மட்டும் தமிழ். ரக்ஷிதாவைப் பகலில் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டு அம்சவேணியக்கா, "நானுமா? எனுக்கு சிரிப்பு வருதும்மா" என்றார்.

சாயங்காலம் ரக்ஷிதா டம்ளரை நீட்டி, "தண்ணி" என்றாள். "நீள்ளு" என்று திருத்தினேன். அவள் சொல்லும்வரை கொடுக்கக் கூடாது என்று காத்திருந்தேன். டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 11

நீள்ளு. நீள்ளு. நீள்ளு.

ஜூலை 17

தோசை கேட்கவில்லை. நாலு நாளாக 'வேணா'வும் இல்லை, தட்டைத் தள்ளுகிறாள். பழகிக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

ஜூலை 22

அம்சவேணியக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பாப்பா பேசவே இல்லம்மா. துன்றதுக்குக் கூட கேக்கல. சும்மா குந்திக்கினு கீது." தெலுங்கில் பேசுங்கள் என்று சிடுசிடுத்தேன், தெலுங்கில். அவர் முகம் சுண்டிப்போனது.

ஜூலை 27

ரக்ஷிதா குளியலறை பக்கெட்டில் வாயை வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பத்தடி தள்ளி, சமையலறையில் நான் நிற்கிறேன். என்னிடம் கேட்கவில்லை.

கேட்டால் தப்பு என்று நினைத்துவிட்டாளா? நான் இன்னா பண்ணிட்டேன்? வார்த்தை குடுக்கப் போய் — இருந்ததையும் புடுங்கிட்டேனே.

"இன்னும் ஆறு நாள்தானே தாட்சாயணி, இப்ப மாத்தினா ரெண்டும் கெட்டுடும், தாங்கிக்கலாம்" என்றார் செங்கல்வராயன் போனில். யார் தாங்குவது? ஆனாலும் நான் மாற்றவில்லை. பயம்.

ஆகஸ்ட் 2

ரூபா மேடம் தெலுங்கில் பெயர் கேட்டார், பந்து காட்டினார், பழம் காட்டினார். ரக்ஷிதா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "விண்ணப்பத்தில் பதினான்கு வார்த்தை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றுகூட வரவில்லையே? வீட்டில் என்ன மொழி?"

"தெலுகே மேடம்" என்றேன், கூசாமல்.

அப்போது பின்பக்கம் யாரோ மிக்ஸி போட்டார்கள். ரக்ஷிதா காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்த் தலையை மேசைக்காலில் இடிக்க ஆரம்பித்தாள். நான் தரையில் விழுந்து நடுவில் கையைக் கொடுத்தேன். "ஒண்ணும் இல்ல கண்ணு, மிக்ஸிதான், தோ நின்னுடும், பாரு, நின்னுடுச்சு." வாய் தானாகப் பேசியது. அவள் தலையை என் உள்ளங்கையில் வைத்தாள். "வேணா" என்றாள்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது, அந்தக் குரலைக் கேட்டு. நான் அங்கேயே அழுதேன்.

நிமிர்ந்தால் ரூபா மேடமும் தரையில். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவருக்கு நல்ல கோபம். "மொழியை மாற்று என்று நாங்கள் சொன்னோமா?" இல்லை மேடம், வாசலில் ஒருத்தி... "வாசலிலா நான் உட்கார்ந்திருக்கிறேன்? உள்ளே வந்து கேட்க வேண்டியதுதானே?" பிறகு ஒரு பேப்பரை நீட்டினார். "அந்தப் பதினான்கையும் தெலுங்கு எழுத்தில் எழுதுங்கள். நாங்கள் படித்துக்கொள்கிறோம். நான் குண்டூர்க்காரி, தப்பும் தவறுமாகத்தான் சொல்வேன். பாப்பா பொறுத்துக்கொள்ளட்டும்."

எழுதினேன். முதலில் 'தண்ணி'.

இடம் கொடுப்பது நிர்வாகி கிருஷ்ணப்பா சார் முடிவாம். நான் பொய் சொன்னதையும் ரூபா மேடம் அவரிடம் சொல்லத்தான் போகிறாராம்.

ஆகஸ்ட் 3

அம்சவேணியக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். இனி தமிழ்தான் என்றதும், "அப்பாடா, வாயே வலிச்சிடுச்சும்மா" என்றார்.

ஆகஸ்ட் 9

இடம் கிடைத்தது. கிருஷ்ணப்பா சார் போனில் பொய்யைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பாப்பாவின் ஷூ சைஸ் கேட்டார்.

ஆகஸ்ட் 24

திருப்பதிக்குக் குடிவந்தாகிவிட்டது. எனக்கு இங்கே ஒரு லேபில் வேலை. செங்கல்வராயன் கம்பெனி பஸ்ஸில் தினமும் வந்துவிடுகிறார். ரக்ஷிதாவுக்கு 'வேணா', 'தோசை', 'நைனா' திரும்பிவிட்டன. தண்ணி மட்டும் வரவில்லை. தாகம் எடுத்தால் குழாய்க்குப் போகிறாள். அந்த ஒன்றில்தான் நான் காக்க வைத்தேன்.

செப்டம்பர் 13

இன்றும் இல்லை.

அக்டோபர் 8

ரக்ஷிதாவை அழைத்துவரப் போனேன். பள்ளி வாசலில், அவள் வகுப்பிலிருக்கும் ஹரிபிரசாத்தின் அம்மா எனக்காகக் காத்திருந்தார். விஜயவாடாப் பக்கம், தமிழ் சுத்தமாகத் தெரியாது. பையனுக்கு ஐந்து வயது, இதுவரை ஒரு வார்த்தை இல்லை.

"மூன்று நாளாக டம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்து 'தண்ணி, தண்ணி' என்கிறான். டீச்சரைக் கேட்டால், ரக்ஷிதா அம்மாவைக் கேளுங்கள் என்று சிரிக்கிறார். அப்படியென்றால் என்ன?"

நான் உள்ளே பார்த்தேன். ரூபா மேடம் கதவருகில் நின்றிருந்தார். "ரக்ஷிதா போன வாரத்திலிருந்து கேட்கிறாள். ஹரிபிரசாத்தும் அவளும் ஒரே பாயில்தான். வீட்டில் அவளே சொல்லட்டும் என்றுதான் உங்களிடம் சொல்லவில்லை" என்றார்.

அந்த அம்மாவிடம் அர்த்தம் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கியது. பிறகு அவசரமாக, "அப்படியானால் இனிமேல் நீள்ளு என்று மாற்றிச் சொல்லிக் கொடுக்கிறேன்" என்றார்.

"மாற்றாதீர்கள்" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, திரும்பிப் பார்த்தார்கள். "கேட்டால் உடனே தண்ணீர் கொடுங்கள். போதும்."

வீட்டுக்கு வந்ததும் ரக்ஷிதா ஷூவைக் கழற்றினாள். நேராகச் சமையலறைக்கு வந்து டம்ளரை நீட்டினாள். சொல்லிவிட்டுத்தான் நீட்டினாள். நிரப்பிக் கொடுத்தேன்.