என் பெயரால் எரிந்த சரிவு

உச்சுபம்பா, அயாகூச்சோ
அக்டோபர் 14

லீமாவிலிருக்கும் தம்பி சில்வெஸ்த்ரேக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். பயணம் செய்ய உடலில் வலு வேண்டுமல்லவா.

அல்பாக்காக்களில் இரண்டு குட்டிகள் இறந்தன. பனிக்காற்றில் அவை ஒண்டிக்கொள்ளும் இச்சுப்புல் புதர்கள் மேற்சரிவில் இப்போது இல்லை. ஊற்று விரலளவுக்குச் சுருங்கிவிட்டது. கீழ்வயல்களில் உருளைக்கிழங்கு விதைப்பு நின்றுபோயிற்று.

ஆகஸ்டில் புகை எழுப்பினால் மேகம் கூடும் என்பது நம்மவர் நம்பிக்கை. அதை மறுத்து ஆறு ஆண்டுகள் பேசினேன். மூடுபனியைச் சீப்புபோல் வாரி மண்ணுக்குள் இறக்குவது இந்த இச்சுப்புல்தான், அதன் காய்ந்த மஞ்சள் தாளே உள்ளிருக்கும் பச்சைக் குருத்துக்குப் போர்வை என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். அதன் பிறகே ஊற்றுக்கு மேலுள்ள சரிவில் தீ வைப்பதில்லை என்று ஊர்க்கூட்டம் முடிவெடுத்தது. நீ அதை மீறமாட்டாய் என்று, ஊர் வழக்கப்படி கோகா இலை மூன்றைத் தலைவர் கையில் வைத்து, உனக்காகப் பிணை நின்றவன் நான்.

உன் மாடுகளுக்கு இளம்புல் வேண்டுமென்று நீ திருட்டுத்தனமாகத் தீ வைத்திருந்தால் அதைப் பேராசை என்று விட்டிருப்பேன். நீயோ இந்த ஆகஸ்டில், லீமாவுக்குக் கிளம்புமுன், பட்டப்பகலில் ஆள் சேர்த்தாய். தயங்கியவர்களிடம், "எங்கண்ணன் படிச்சவன், அவனே சொல்லிட்டான், ஒரு தடவை எரிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு. பயப்படாம வைங்கப்பா!" என்றாயாம். நான் அன்று நகரத்தில் இருந்தேன். தீ வைத்த கைகள் பதினொன்று. அத்தனையும் என் சொல்லை நம்பியவை.

வாய்க்கால் காவலர் ஃபாபியான் நேற்று வழிமறித்தார். "என்ன எஞ்சினியரே, மலைக்கு மொட்டை அடிக்கச் சொன்னீங்களாமே, மேகம் எங்க? பஸ்ஸைத் தவற விட்டுருச்சா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். உடன் வந்த உன் அண்ணி ஹெர்மினியா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "உங்க படிப்பை உங்க தம்பி தீக்குச்சியா உரசிட்டாரே" என்றாள். அவள் உன்னைப் பற்றிக் கடிந்து பேசி நான் கேட்டது அதுவே முதல் முறை.

எரிந்த இடத்தில் இப்போது பச்சை துளிர்த்திருக்கிறது. அதைக் கண்டு மயங்கி, மிஞ்சிய பாதிச் சரிவையும் கொளுத்தலாம் என்கிறார்கள். எஞ்சினியரே அனுமதித்தாரே என்பதுதான் அவர்கள் வாதம். அதுவும் போனால் டிசம்பர் மழை மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போகும்; பிறகு ஊற்று என்று சொல்ல ஒன்றும் இராது. நான் அப்படிச் சொல்லவில்லை என்று மறுத்துப் பார்த்தேன். பழியைத் தம்பி தலையில் கட்டுகிறான் என்றார்கள்.

இருபத்தாறாம் தேதி, ஞாயிறு, கூட்டம். நீ வந்து, அது பொய் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். எனக்காக வர வேண்டாம். கீழே நாற்பது குடும்பங்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கின்றன.

மலைத்தெய்வம் உனக்கு வழிவிடட்டும். பேருந்து விடியலில் வந்து சேரும்; நேரே வீட்டுக்குப் போ. ஹெர்மினியா உனக்குப் படுக்கை விரித்து வைத்திருப்பாள், சூடாகச் சூப்பும் தருவாள். நான் உன்னைக் கூட்டத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

மௌரோ