ஜோஷுவாவின் ரத்தத்தில் எஞ்சியது

மார்ச் 4, செவ்வாய்

போன வாரம் தூக்க மருந்தை மட்டும் கொடுத்துச் சோதித்த ஜோஷுவாவுக்கு, இன்று மீன் எண்ணெய் மாத்திரை டப்பாவைக் கொடுத்தேன். இங்கே புனே பக்கம் பிம்ப்ரியில் லேத் ஓட்டுகிறவன், தூத்துக்குடிக்காரன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவனோடு தமிழ் பேச டாக்டரை விட்டால் நான்தான். மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை இந்த எண்ணெய் மந்தமாக்குகிறதா என்று பார்ப்பதாக விளக்கினேன். "நீங்க சொன்னா சரிக்கா." படிக்காமலே கையெழுத்துப் போட்டான்.

மார்ச் 18, செவ்வாய்

இரண்டு வாரம் எண்ணெய் சாப்பிட்டவனுக்கு இன்று தூக்க மருந்து கொடுத்து, மணிக்கொரு தடவை ரத்தம் எடுத்தோம். ஆறு மணி நேரமாகியும் கண் சொருகியது. இன்னும் கொஞ்சம் படுக்கட்டும் என்றேன். கட்டில் வேணும், அனுப்பு என்றார் டாக்டர் பக்தவத்சலம். அனுப்பினேன். பைக் சாவியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 19

நேற்றே. போகும் வழியில். நின்றிருந்த லாரியின் பின்னால் மோதியிருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தேவையே இருக்கவில்லை.

மார்ச் 20

ரத்த அளவு வந்தது. எண்ணெய்க்கு முன் சோதித்ததைவிட மூன்று மடங்கு மருந்து உடம்பில் மிச்சம். அரைத்தூக்கத்தில் ஓட்டியிருக்கிறான்.

டாக்டர் தாளைப் பார்த்துச் சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார். "இதவிட நல்ல சான்று கிடைக்காது கிரிஜா. ரத்த அளவு அப்படியே இருக்கட்டும். போகாதேன்னு சொல்லியும் கிளம்பிட்டான்னு எழுதிடு."

மார்ச் 21

எழுதிவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

அவன் மனைவி மெர்சி வந்தாள். உள்ளே விடவில்லை, கேட்டருகே நின்றாள். குடித்துவிட்டு ஓட்டினான் என்று பட்டறையில் பேசுகிறார்களாம். "அவுக குடிக்கவே மாட்டாகக்கா. அன்னைக்குக் குடிச்சிருந்தாகளா? நீங்கதான பாத்தீக."

உண்மை வாய் வரைக்கும் வந்துச்சு. டாக்டர் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால நின்னு பாத்துட்டே இருந்தார். வேலை போனா நான் எங்க போவேன்?

"லேசா வாசம் வந்த மாதிரி இருந்துச்சு மெர்சி" என்றேன்.

தெரியலன்னு சொல்லியிருந்தாலே போதும். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

மெர்சி வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன்.

வீட்டில்தான் இருந்தாள். சர்ச்சில் எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்களாம், போவதை நிறுத்திவிட்டாள். சுவரில் ஜோஷுவாவின் படம் இல்லை. பிள்ளைகள் கேட்டால், அப்பா குடித்துச் செத்தார் என்றே சொல்கிறாளாம். நான் சொன்ன பிறகு அவளுக்குச் சந்தேகமே இல்லையாம்.

"உங்களத் தவிர யாரும் எங்கள வந்து பாக்கலக்கா." டீயை நீட்டினாள்.

குடித்துவிட்டு வந்தேன்.