276 இறங்கி வருமா?

அடி கிறுக்கி,

இன்று காலை குஷாய்குடாவில் தோசைக்கு நின்றுகொண்டிருந்தேன். "ரெண்டு வந்தல டெப்பை ஆறு!" என்று கடைக்காரர் தெலுங்கில் கத்தினார். கையிலிருந்த டோக்கனைப் பார்த்தால், 276! அத்தனை பேர் நடுவில் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டேன். "க்யா ஹுவா அம்மா?" என்றார். என்னவென்று சொல்ல? செத்துப்போன சிநேகிதியோடு போட்ட பந்தயம் இன்னும் முடியவில்லை என்றா?

ஏ.எஸ்.ராவ் நகரில் கம்பெனி பஸ் ஏறியதும் சன்னலோரத்தைப் பிடித்துக்கொள்வாய். எனக்கு விடு என்று கேட்டால் ஒரு கணக்குப் புதிர் போடுவாய். ஓர் எண்ணை எடு, அதை மீதியில்லாமல் வகுக்கும், அதைவிடச் சின்ன எண்களைக் கூட்டு, வந்த விடையையும் அப்படியே செய். பத்துக்கு 1, 2, 5, ஆக எட்டு. எட்டுக்கு ஏழு. ஏழுக்கு ஒன்று. கதை முடிந்தது. "ஆனா 276 அடங்காப்பிடாரி. அது ஒண்ணு வரைக்கும் இறங்குமான்னு உலகத்துல யாருக்கும் தெரியாது. நீ இறக்கிக் காட்டு, சன்னலோரம் உனக்கு" என்றாய்.

விடுவேனா? ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன். 276, 396, 663, 345... சரசரவென்று ஒன்றுக்கே வந்துவிட்டது! மறுநாள் பஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். நீ ரெண்டு துண்டைத் தின்று, விரலையும் நக்கிவிட்டு, நிதானமாகக் கேட்டாய்: "396ஐ வகுக்கிறதுல 33 எங்கேடி?"

விட்டிருந்தேன். அதைச் சேர்த்தால் 663 இல்லை, 696. அங்கிருந்து மேலே மேலே ஏறுகிறது. பஸ்ஸே சிரித்தது. "அடுத்த தப்பு எப்போ மேடம்?" என்று டிரைவர் தினமும் கேட்பார், மைசூர்பாகு ருசி அப்படி.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோதும், "இறங்கிச்சாடி?" என்றுதான் கேட்டாய்.

"கம்ப்யூட்டரே இன்னும் முக்கிக்கிட்டிருக்கு."

"பாத்தியா!" என்று நீ சிரித்த சிரிப்புக்கு நர்ஸ் வந்து என்னைத் திட்டினாள். அன்றைக்கு எனக்கு அழுகை வரவே இல்லை. வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

தோசையைத் தின்றுவிட்டு டவுன் பஸ் ஏறினேன். ரெண்டு பேர் சீட் காலியாக இருந்தது. வழக்கம்போல சன்னலை விட்டு நடைவழிப் பக்கம் உட்கார்ந்தேன். "தள்ளி உட்காருங்க ஆண்ட்டி, சன்னல் காலியாத்தானே இருக்கு" என்றாள் ஒரு பெண்.

"நக்கோ பேட்டா, வேண்டாம்" என்று காலை மடக்கி அவளுக்கு வழிவிட்டேன். "நீ போய் உட்காரு. எனக்கு இன்னும் 276 இறங்கலை."