காந்தத்தில் ஒட்டாதது

பாய்,

இன்று காலை உன் வீட்டம்மா ஒரு சாக்கு மூட்டையைக் கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "அண்ணே, இது உங்களுதாம். குடுத்துடு, குடுத்துடுன்னு கடைசி வரிக்கும் சொல்லிக்கினே இருந்தாரு" என்றார். நான் மூட்டையைப் பார்க்கவில்லை. அதன் வாயில் முறுக்கியிருந்த கட்டுக்கம்பியைத்தான் முதலில் பார்த்தேன். ஏன் என்று நீ இருக்கும்போதே சொல்லியிருந்தால் அடித்திருப்பாய்.

நெமிலிச்சேரி ஸ்டேஷன் போகிற வழியில் நம் பழைய இரும்புக் கடைகள் இரண்டும் பக்கத்துப் பக்கம். லோடு வராத மதியங்களில் நான் எழுதிய கதையைப் படிப்பேன், நீ கேட்பாய். எதையும் நான் முடித்ததில்லை. மூடிக் கிடக்கிற கம்பெனியின் வாட்ச்மேன் ஒருவன், ஷிப்டு மாறும்போது ஊதுகிற அதன் சங்கை ஒரே ஒரு தடவை ஊதிப் பார்க்க ஆசைப்படுகிறான். கதை அவ்வளவுதான். அதற்குள் இரட்டைப் பிள்ளைகள், நிலத் தகராறு, பாம்பு, ஓடிப்போன மச்சினி என்று நான் ஏற்றிக்கொண்டே போனேன். நாலு வருடமாகியும் வாட்ச்மேன் சங்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை.

"இன்னா நைனா, இது கதையா, நம்ம குடோனா?" என்று சிரித்தாய். உலோகம் பார்க்கக் கயிற்றில் கட்டி வைத்திருந்த என் காந்தத்தை எடுத்து, காகிதங்கள் மேல் ஆட்டினாய்.

"அவனுக்கு இன்னா வோணும்? சங்கு ஊதணும். அதுல ஒட்றத வையி. ஒட்டாதத சாக்குல போட்டு எங்கிட்ட குடு. உங்கிட்ட இருந்தா மறுபடி எடுத்து சொருகுவ."

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. நம் தொழிலில் காந்தத்தில் ஒட்டுவது வெறும் இரும்பு. விலை போகிற செம்பும் பித்தளையும் ஒட்டாது. இரும்பை என்னிடம் தள்ளிவிட்டுப் பித்தளையை நீ அள்ளிக்கொண்டு போகிறாய் என்று நினைத்தேன். அதனால்தான் உருவிய பக்கங்களைச் சாக்கில் போட்டு, கம்பியை இடப்பக்கம் மூன்று சுற்று, வலப்பக்கம் ஒன்று முறுக்கி, முனையை உள்ளே மடக்கிக் கொடுத்தேன். எவன் பிரித்தாலும் தெரிந்துவிடும்.

கதை ஒரே மாதத்தில் முடிந்தது. ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. நீ பூந்தமல்லிக்குக் கூட்டிப்போய் பிரியாணி வாங்கிக் கொடுத்தாய். தின்றேன். ஆனால் அன்றிலிருந்து எந்தப் பத்திரிகையைப் புரட்டினாலும், நீ யாருக்காவது கொடுத்து அந்தப் பாம்பும் மச்சினியும் வேறு பெயரில் வந்திருக்கிறார்களா என்றே தேடினேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ என் கையைப் பிடித்து, "மூட்ட பத்திரமா கீது நைனா" என்றாய். கேட்காமலே ஏன் சொல்கிறான் என்று யோசித்தபடி, ஆப்பிளை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதற்கப்புறம் உன்னைப் பார்க்கவில்லை.

கம்பி அப்படியே இருக்கிறது பாய். இடம் மூன்று, வலம் ஒன்று, முனை உள்ளே. என் முறுக்கை நீ கற்றுக்கொண்டிருப்பாயோ என்று அப்போதும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். சுற்றுக்குச் சுற்று துரு உடையாமல் ஒன்றாய்ப் படிந்திருந்தது. துருவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது நம் இருவருக்கும் தெரியும்.

மூட்டையை நான் பிரிக்கவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்ததும் உன் சிரிப்பு, வெள்ளத்தில் நாம் இழுத்த தள்ளுவண்டி, உன் வீட்டு நோன்புக் கஞ்சி என்று ஏகப்பட்டது மேலே வந்து விழுந்தது. சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்துக் காகிதத்தின் மேல் ஆட்டினேன். ஒட்டியது ஒன்றுதான். உன்னைச் சந்தேகப்பட்டேன்.