வட்டி குறைக்கப் போன இடத்தில்

என் பிரியத்துக்குரிய அந்தோணி மாப்பிள்ளைக்கு,

தொப்பூர் இறக்கத்தில் நடந்த விபத்தில் உன்னை இழந்து ஆறு மாதமாகிறது. நாம் சேர்ந்து பார்த்து வாங்கிய வீட்டில் நான் குடியேறிப் பத்து மாதம். மாடிப்படிக்கு இன்னும் கைப்பிடி வைக்கவில்லை. நீ இருந்தால் திட்டியிருப்பாய்.

இந்த ஒரு மாதமாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பட்டறையில் ஒரு வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டினேன், மறுபடியும் கழற்றினேன். அதில் கோளாறே இல்லை.

விஷயம் இதுதான். வீட்டுக் கடனைத் தங்களிடம் மாற்றிக்கொள்ளலாம் என்று பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு வங்கியில் சொன்னார்கள். நீ கூட்டிப்போய்க் கடன் வாங்கிக் கொடுத்த பைனான்ஸில் பதினாலு வட்டி, இங்கே ஒன்பதரை. சம்பளச் சீட்டு இல்லாத மெக்கானிக் என்று அன்றைக்குக் கைவிரித்தவர்கள்தான். தவணை தவறாமல் கட்டியதையும், நீ நச்சரித்து என்னை வருமான வரிக் கணக்குக் காட்ட வைத்ததையும் பார்த்து இப்போது சரி என்கிறார்கள்.

கவிதா சந்தோஷப்படவில்லை. "ஏங்க, வூடு வாங்கி ஒரு வருசங்கூட ஆவல. அதுக்குள்ள இவ்ளோ கம்மியா கெடைக்குதுன்னா, அந்தோணி அண்ணன் ஏன் நம்மள அங்க கூட்டிட்டுப் போனாரு? கமிசன் வாங்கிட்டாருன்னு தெருவுல பேசிக்கிறாங்க" என்றாள்.

"செத்தவனப் பத்திப் பேசாத" என்று கத்தினேன். ஆனால் மாப்பிள்ளை, நானும் அதை நம்ப ஆரம்பித்தேன். உன் வீட்டுப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன்.

பாக்கி எவ்வளவு என்று எழுதி வாங்கத் தர்மபுரிக்கு, அந்தப் பைனான்ஸ் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த பெண் கோப்பைப் பார்த்துவிட்டு, "ஜாமீன் போட்டவரு இறந்துட்டாருங்களே சார். இனிமே அவரு வாரிசுங்கதான் பொறுப்புன்னு அவங்க வூட்டுக்கு லெட்டர் அனுப்பியிருக்கோம்" என்றாள்.

"யாருங்க ஜாமீன்?"

அவள் காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். உன் கையெழுத்து. நான் கட்டத் தவறினால் நீ கட்டுவதாக.

கடன் வாங்கிய அன்றைக்குக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன், எதையும் படிக்கவில்லை. நடுவில் டீ சொல்லிவிட்டு வா என்று என்னை வெளியே அனுப்பினாயே, அப்போதுதானா? ஏன் சொல்லவில்லை? சொன்னால் வீடே வேண்டாம் என்று எழுந்துவிடுவேன் என்றா?

நேராக உன் வீட்டுக்குப் போனேன். மேரி அந்தக் கடிதத்தை எடுத்து வந்தாள். மூன்று வாரமாக வைத்திருக்கிறாள்.

"எங்கிட்ட சொல்லக் கூடாதாம்மா?"

"தவணை கட்ட முடியாமத்தான் நீங்க இந்தப் பக்கமே வரலையோன்னு நெனச்சேண்ணா. எப்படிக் கேக்கறது? எங்களுக்கு இருக்கறதே இந்த வூடு ஒண்ணுதான்."

நான் வராததற்கு அது காரணமில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. தெருப் பேச்சைச் சொன்னேன். நான் அதை நம்பியதையும் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "மொதல்ல தண்ணி குடிங்கண்ணா" என்றாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

வங்கியில் எல்லாக் காகிதமும் கொடுத்தாயிற்று. வருகிற திங்கட்கிழமை காசோலை பைனான்ஸுக்குப் போகும் என்கிறார்கள். அதுவரை பதற்றம் அடங்காது. தினமும் இரண்டு தடவை மேனேஜருக்குப் போன் செய்கிறேன். கவிதாவும் இப்போது வட்டியைப் பற்றிப் பேசுவதில்லை. "மேரி பேருல ஒண்ணும் இல்லன்னு எப்பங்க எழுதித் தருவாங்க?" என்றுதான் கேட்கிறாள்.

அந்தக் காகிதம் வந்ததும் நானே கொண்டுபோய் மேரி கையில் கொடுப்பேன். நீ எனக்காக என்ன செய்தாய் என்று தெருவில் ஒவ்வொருவரிடமும் சொல்வேன். நான் உன்னைச் சந்தேகப்பட்டதையும் விடாமல் சொல்வேன்.

உன் பிள்ளைகளின் மாமன்,
செல்வம்