பல நாட்டுத் தேர்வில் கன்னியம்மா

18.1.10, திங்கள்
காலையில் கடும் பனி. உத்திரமேரூர் பஸ் தாமதம். தலைவலி.

பல நாட்டுப் பிள்ளைகளையும் ஒரே வினாத்தாளில் ஒப்பிடும் தேர்வு. எங்கள் பள்ளியில் வியாழனன்று. எழுதுபவர்களின் பெயர்களைத் தேர்வு நடத்துபவர்களே குலுக்கி எடுத்து அனுப்பிவிட்டார்கள். பதினைந்து வயதா என்பதுதான் முக்கியம், எந்த வகுப்பு என்பதல்ல. அதனால் எட்டாம் வகுப்புக் கன்னியம்மாவுக்கும் சீட்டு விழுந்துவிட்டது. பிந்திச் சேர்ந்த இருளர் பெண். பொங்கலுக்கு முன்பிருந்தே வரவில்லை.

ஹெச்.எம். கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு வராம இருக்கறதே நல்லதும்மா. ஜப்பான்காரனோட போட்டி. மானம் போயிடும்."



20.1.10, புதன்
வாங்க வேண்டியது: ரவை, தலைவலி மாத்திரை, சிவப்புப் பேனா.

பள்ளி விட்டதும் திருப்புலிவனம் தாண்டி அவர்கள் குடியிருப்புக்கு நடந்தேன். ஏன் போனேன்? அவள் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று எழுதக் கை வரவில்லை. அவ்வளவுதான்.

அவள் அம்மா: "நாளைக்கு நடவு கீது டீச்சர். இவ இல்லாம ஆளு பத்தாது."

கன்னியம்மா சேற்றுக் காலோடு நின்றாள். "ஒரு நாளுதானம்மா. எளுதிட்டு வந்துடறேன்."

21.1.10, வியாழன்
வந்தாள். ஹெச்.எம். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

உதவக் கூடாது, விளக்கக் கூடாது. விதி. மணி அடிக்கும்வரை தலை நிமிராமல் எழுதினாள். விடைத்தாள்களைக் கட்டி, சீல் வைத்து, வேனில் கொண்டுபோய்விட்டார்கள்.

வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "நான் பாஸா டீச்சர்?"

இதில் பாஸ், ஃபெயில் கிடையாது, ஆளுக்கு ஆள் மார்க் வராது, நாட்டுக்கு நாடு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் என்றேன்.

"அப்போ நான் இன்னா எளுதினேன்னு யாருக்குமே தெரியாதா?"

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

22.1.10, வெள்ளி
சரியான தூக்கமில்லை. முதல் பீரியட் எட்டாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் கன்னியம்மா!

நடவு என்ன ஆச்சு என்றேன்.

"இன்னும் முடியல. மத்தியானமா வரேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தேன். நேத்து ஒரு கணக்கு, ரெண்டு கப்பல் எதிரெதிரா வருதே, பாதியில நின்னுபோச்சு டீச்சர். சொல்லிக் குடுங்க."

வினாக்களைப் பற்றி வெளியே பேசக் கூடாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவளோ கணக்கை அப்படியே ஒப்பிக்கிறாள். வகுப்பே திரும்பிப் பார்க்கிறது.

கதவைச் சாத்தினேன். போர்டில் இரண்டு கப்பல் வரைந்தேன்.