ஊட்டுக்கு வந்த பழைய ப்ராசசர்

ஏனுங்க மாமா,

சோறும் பருப்பும் அடுப்பு மேல மூடி வெச்சிருக்குது. தயிரு ஃப்ரிட்ஜுல. நானும் நம்ம புள்ள பூங்கொடியும் அனுப்பர்பாளையத்துக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போறமுங்க.

கார் ரேஸ் கேம் ஓடோணும்னா எந்த ப்ராசசர் நல்லதுன்னு புள்ள பரிச்சை லீவெல்லாம் புத்தகம் பாத்து, கடைகடையாக் கேட்டு, பென்டியம் டூதான்னு முடிவு பண்ணுனா. நீங்களும் சரின்னீங்க. வாங்குன புதுக் கம்ப்யூட்டர் பொட்டி நேரா உங்க பனியன் கம்பெனி ஆபீசுக்குப் போயிருச்சு. அங்க கெடந்த பழைய 486 கம்ப்யூட்டர் ஊட்டுக்கு வந்துருச்சு. அதுல கேம் தொறக்கவே இல்லீங்க. புள்ள அது மேல துணியப் போட்டு மூடிட்டா.

நல்ல பனியனெல்லாம் எக்ஸ்போர்ட்டுக்கு, தையல் விட்ட செகண்ட்ஸ் ஊட்டுக்கு. கல்யாணமான நாள்ல இருந்து அதைத்தான் உடுத்தறேன், வாயத் தொறந்ததில்லீங்க. அவ ஆசையாப் பாத்து எடுத்ததுலயுமா அந்தக் கணக்கு?

எப்ப வருவோம்னு கேக்காதீங்க.

சுப்புலட்சுமி

மறந்துட்டேன். பீரோ சாவி அரிசி டப்பாவுக்குப் பின்னாடி இருக்குது. உள்ள உங்களுக்கு ஒரு புதுச் சட்டை வெச்சிருக்கேன், நாளைக்கு உங்க பொறந்தநாளு. தையல் எங்க விட்டிருக்குதுன்னு திருப்பித் திருப்பிப் பாக்காதீங்க. அது செகண்ட்ஸ் இல்லீங்க.